ஆற்றைச் சுற்றி ஒரு நாள்: பள்ளத்தாக்கில் சைக்கிள் சுற்றுப்பாதை அமைக்க முழுமையான வழிகாட்டி

வரைபடத்தில் வளைந்து வளைந்து போகும் ஓர் ஆற்றைப் பார்த்தால், அதன் ஓரத்துச் சாலையில் சைக்கிளை விட மனம் துடிக்கும். உடனே செயலியைத் திறந்து, தொடங்கும் இடத்தைக் குறித்து, "60 கிலோமீட்டர் சுற்று" என்று கேட்டால் ஒரு பாதை வந்துவிடும். பெரும்பாலும் ஓட்டத் தகுந்த பாதையாகவே இருக்கும். ஆனால் எந்த இடத்தில் ஆறு கண்ணில் படும், எத்தனை மணிக்குக் காற்று திரும்பும், எந்தப் பாலம் தண்ணீருக்குள் போகும் என்பதெல்லாம் அந்தச் செயலிக்குத் தெரியாது. 60 கிலோமீட்டர் மிதித்தும் ஆற்றை நான்கே இடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய பேர். நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன்.

அதன் பிறகு நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் ஆறு, அடுத்து பாலங்கள், சாலை கடைசியில். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. இங்கே பேசுவது ஒரே நாளில் முடிகிற, 40 முதல் 90 கிலோமீட்டர் வரையிலான, பெரும்பகுதி தார்ச்சாலையில் ஓடும் சுற்றைப் பற்றி.

படி 1: ஆற்றைப் படியுங்கள்

சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், உள்ள நிலப்பட வரைபடம் ஒன்று வேண்டும். 2004-ல் தொடங்கிய, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட பல இலவச வரைபடங்களில் இந்தக் கோடுகள் உண்டு. சாலைகளை இப்போதைக்கு மறந்துவிட்டு ஆற்றை மட்டும் பாருங்கள்.

நீரோட்டம் எந்தப் பக்கம் என்பது முதல் கேள்வி. ஆற்றைக் கடக்கும் சமவுயரக் கோடுகள் அம்பு முனைபோல மடங்கியிருக்கும். அந்த முனை காட்டும் பக்கம்தான் மேல்பகுதி, அதாவது தண்ணீர் வரும் திசை. அடுத்ததாகப் பள்ளத்தாக்கின் அகலம். கோடுகள் ஆற்றை விட்டு விலகி நிற்கும் இடத்தில் வெள்ளச் சமவெளி விரிந்திருக்கும். அங்கே வயல்கள் இருக்கும், சாலை நேராக ஓடும், காற்று தடையில்லாமல் அடிக்கும். கோடுகள் ஆற்றை ஒட்டி நெருக்கும் இடம் மலையிடுக்கு. சாலை பாறையை வெட்டிப் போடப்பட்டிருக்கும், அல்லது ஆற்றை விட்டுவிட்டு மேட்டின்மேல் ஏறிப் போகும்.

இதில் வளைவுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கும். அதனால் அந்தப் பக்கம் செங்குத்தாக இருக்கும். உள்பக்கம் மணலும் வண்டலும் சேர்ந்து மெல்லச் சரியும். வெளிப்பக்கத்துச் சாலையிலிருந்து பார்த்தால் ஆறு காலடியில் தெரியும், உள்பக்கத்துச் சாலையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரைப் பாறைச் சுவர் முழுதாகத் தெரியும். எந்த வளைவில் எந்தக் கரையில் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பென்சிலால் குறித்துவிடுங்கள். உங்கள் சுற்றின் அழகில் பாதியை இந்தக் குறிகளே தீர்மானிக்கும்.

ஆற்றோரச் சாலை சமதளமாக இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். பழைய கிராமச் சாலைகள் வெள்ளத்துக்குப் பயந்து, ஆற்றுக்கு மேலே உள்ள திட்டுகளில் போடப்பட்டவை. ஒவ்வொரு கிளை ஓடை வரும்போதும் சாலை இறங்கும், ஓடையைத் தாண்டியதும் ஏறும். ஆற்றின் மட்டம் ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் வீதம் மட்டுமே இறங்கினாலும், அதாவது 20 கிலோமீட்டரில் வெறும் 40 மீட்டர் இறங்கினாலும், ரம்பப் பல்போன்ற இந்தச் சாலையில் உங்கள் கால்கள் அதைப்போல ஐந்தாறு மடங்கு ஏறியிருக்கும். எனவே உயரக் கணக்கு போடுவதற்கு முன் கிளை ஓடைகளை எண்ணிப் பாருங்கள்.

படி 2: பாலங்களை வைத்தே சுற்று

ஒரு கரையில் மேலே போய், மறுகரையில் திரும்பி வருவதுதான் பள்ளத்தாக்குச் சுற்றின் அடிப்படை. அப்படியென்றால் பாலம்தான் சுற்றின் நீளத்தை நிர்ணயிக்கிறது. 18-வது கிலோமீட்டரில் ஒரு பாலம், அடுத்தது 31-ல் என்றால், 50 கிலோமீட்டர் சுற்று வேண்டும் என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை. 36 அல்லது 62, இரண்டில் ஒன்று.

ஒரு தாளில் பாலப் பட்டியல் எழுதுங்கள்: தொடங்கும் இடத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், என்ன வகை, அடுத்த பாலம் எவ்வளவு தூரம். வகையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாகனப் பாலம் என்றால் கவலையில்லை. நடைப்பாலத்தில் படிக்கட்டு இருக்கலாம், சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டி வரும். அணைக்கட்டின்மேல் போகும் சாலை பல இடங்களில் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும். படகுத்துறைக்கு நேரம் உண்டு, பருவம் உண்டு, விடுமுறை உண்டு. ரயில் பாலத்தைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். சில வரைபடங்களில் மெல்லிய கோடாகத் தெரிவது பாலமே இல்லை, தண்ணீரில் இறங்கிக் கடக்கும் துறையாக இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தால் இதில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மிச்சப் பாதி தரைப்பாலங்களால் வரும். ஒருமுறை சுற்றின் கடைசிக் கால்பகுதியில் ஒரு தரைப்பாலத்தை நம்பி வந்தேன். எங்கள் தலைக்குமேல் மேகமே இல்லை. ஆனால் முந்தைய இரவு மேற்பகுதியில் பெய்த மழை அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. பாலத்தின் மேல் ஒரு சாண் தண்ணீர் பழுப்பாக ஓடியது. கூட வந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றார். நான் மறுத்தேன். ஓடும் தண்ணீருக்கு அடியில் சாலையின் விளிம்பு எங்கே முடிகிறது, நடுவில் ஏதாவது பெயர்ந்துபோய் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வைத்தது இதற்குத்தான். திரும்பிப் போய் முந்தைய பாலத்தைப் பிடிக்க 14 கிலோமீட்டர். வீடு சேர இருட்டிவிட்டது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: தரைப்பாலம் வருவதாக இருந்தால் அது சுற்றின் முதல் பாதியிலேயே வர வேண்டும், அது மூடியிருந்தால் போக வேண்டிய மாற்றுப்பாதையும் முன்பே வரைந்திருக்க வேண்டும். மேலே அணை இருந்தால், மழையே இல்லாத நாளிலும் திறந்துவிடும் தண்ணீரால் ஆறு ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: சுற்றின் வடிவம்

பள்ளத்தாக்குக்கு மூன்று வடிவங்கள் பொருந்தும். ஒரே வளையம், வால் உள்ள வளையம், எட்டு வடிவம். வால் உள்ள வளையத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது தூரம் ஒரே சாலையில் வருவீர்கள். முதன்முதலாகத் திட்டமிடுபவர்களுக்கு நான் எட்டு வடிவத்தைத்தான் சொல்வேன். நடுவில் ஒரு நல்ல பாலத்தை முடிச்சாக வைத்து, கீழே ஒரு வளையம், மேலே ஒரு வளையம். முடிச்சுக்கு வந்ததும் கால் வலித்தாலும், வானம் கறுத்தாலும், கூட வந்தவர் சோர்ந்தாலும், மேல் வளையத்தை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஒரே வளையத்தில் பாதி தூரம் தாண்டிவிட்டால் அந்த வசதி கிடையாது.

வடிவம் எதுவானாலும் ஓர் இடத்திலாவது ஆற்றை விட்டு மேட்டின் விளிம்புக்கு ஏறுங்கள். பள்ளத்தாக்குக்குள் இருக்கும்வரை எதிர்க்கரையும் அடுத்த வளைவும்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் ஆறு எப்படி வளைந்து வந்தது, நீங்கள் காலையில் கடந்த பாலம் எது, மாலையில் போகப்போகும் சாலை எது என்று முழுக்கதையும் விரியும். ஓர் ஏற்றத்தைத் தவிர்ப்பதற்காக இதை விட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. வேண்டுமானால் தூரத்தில் 10 கிலோமீட்டரைக் குறையுங்கள், அந்த ஏற்றத்தை மட்டும் விடாதீர்கள்.

படி 4: எந்தத் திசையில் சுற்றுவது

இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நாடுகளில் நீங்கள் சாலையின் இடது ஓரத்தில் போவீர்கள். ஆறும் இடப்பக்கமே இருந்தால் உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதிர்வரும் வாகனங்கள் இருக்காது. அதற்கு வளையத்தைக் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் மேலே போகும்போதும் ஆறு இடப்பக்கம், பாலத்தைக் கடந்து கீழே வரும்போதும் இடப்பக்கம். இன்னொரு லாபமும் உண்டு. பெரும்பாலான திருப்பங்கள் இடப்புறத் திருப்பங்களாகிவிடும், எதிர்வரும் வாகனங்களை வெட்டிக் கடக்கும் அபாயம் குறையும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதை அப்படியே மாற்றி, கடிகாரமுள் திசையில் சுற்றுங்கள். எட்டு வடிவத்தில் ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனியாக இதைப் பார்க்க வேண்டும்.

இந்த விதியைக் காற்று மாற்றலாம். மலை சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் வெயில் நாளன்று சரிவுகள் சூடாகி, முற்பகல் முடியும் நேரத்தில் காற்று கீழிருந்து மேல்நோக்கி ஏறத் தொடங்கும். பிற்பகலில் அது வலுக்கும். சூரியன் மறைந்தபின் அடங்கி, இரவில் மேலிருந்து கீழே இறங்கும். ஆகவே கீழ்முனையில் தொடங்கினால், ஆற்றோடு இறங்கித் திரும்பும் பிற்பகலில் எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்கள்மேல் 15 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று பட்டால், காற்றுத் தடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டி வரும்.

இதற்கு இரண்டு வழிகள். கீழ்முனையில் விடியற்காலையிலேயே தொடங்கி, காற்று எழுமுன் திரும்பிவிடுவது ஒன்று. மேல்முனையில் தொடங்கி, காலையில் ஆற்றோடு இறங்கி, பிற்பகலில் பின்காற்று தள்ள ஏறி வருவது இன்னொன்று. குறுகிய சுற்றுக்கு முதலாவது போதும், நீண்ட நாளுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. அகலமான, தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் இந்தத் தினசரிக் காற்று பலவீனமாக இருக்கும். அங்கே அன்றைய வானிலைக் காற்றின் திசையைப் பாருங்கள். பள்ளத்தாக்கு அதைத் தன் நீளவாக்கில் திருப்பிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சூரியனையும் கொஞ்சம் கவனியுங்கள். தாழ்ந்த சூரியனை நோக்கிப் போகும்போது பின்னால் வரும் ஓட்டுநரின் கண் கூசும், நீங்கள் தெரியமாட்டீர்கள். விடியலிலும் அந்தியிலும் வாகனம் மிகுந்த பகுதி அந்தத் திசையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் தேங்குவதால் காலைப் பனிமூட்டமும் இங்கேதான் அடர்த்தியாக இருக்கும். அது விலகும்வரை காத்திருங்கள். போயே ஆக வேண்டும் என்றால் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும்.

படி 5: ஏற்றத்தைக் கையால் ஒருமுறை கணக்கிடுங்கள்

செயலி காட்டும் உயரப் படத்தை அப்படியே நம்ப முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ராடாரால் அளந்தது. பல செயலிகளின் உயரத் தரவு அந்த அளவீட்டிலிருந்து வருகிறது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு சமவெளிக்குப் போதும். மலையிடுக்கில் சாலைக்கும் பாறை உச்சிக்கும் நடுவே அந்த 30 மீட்டர்கூட இருக்காது. செயலி பாறையின் உயரத்தைச் சாலையின் உயரமாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஏற்றங்களை முள்முள்ளாகக் காட்டும். சுரங்கச் சாலை வந்தால் மலையையே ஏறி இறங்கியதாகச் சொல்லும். உயரமான பாலத்தில் நீங்கள் ஆற்றுக்குள் இறங்கி ஏறியதாகவும் கணக்கு வரும்.

சந்தேகமான ஏற்றத்தைச் சமவுயரக் கோடுகளால் சரிபாருங்கள். 1:50,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 செ.மீட்டருக்குள் சாலை இரண்டு இடைவெளிகளைத் தாண்டினால் 500 மீட்டரில் 40 மீட்டர் ஏற்றம், 8 சதவீதம். 4 சதவீதம் வரை பேசிக்கொண்டே ஏறலாம். 8-ல் பேச்சு நிற்கும். 12-ஐத் தாண்டினால் பலரும் இறங்கித் தள்ளுவார்கள்.

8 சதவீத ஏற்றத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கே புவியீர்ப்பை வெல்ல மட்டும் 140 வாட் அளவுக்குச் சக்தி வேண்டும். அந்த வேகத்தில் கால் இயல்பாகச் சுழல முன் பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய சம எண்ணிக்கைப் பற்களோடு இருக்க வேண்டும், 34-க்கு 34 என்பதுபோல. உங்கள் வண்டியில் அப்படி இல்லையென்றால், மெதுவான சரிவில் சுற்றி ஏறும் நீண்ட சாலையைத் தேடுங்கள். மேட்டுக்கு ஏறும் இடத்தைச் சுற்றின் முதல் பாதியிலேயே வையுங்கள். கடைசி 10 கிலோமீட்டர் கூடியமட்டும் சமமாக இருக்கட்டும்.

படி 6: இப்போது சாலை

பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் பெரிய சாலை ஒரு கரையில் போகும், சிறிய பழைய சாலை மறுகரையில் போகும். சுற்றுக்கு இரண்டு கரையும் வேண்டும் என்பதால் பெரிய சாலையை முழுதாகத் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்படியானால் அந்தப் பகுதியை வாகனம் குறைந்த நேரத்தில், பெரும்பாலும் விடிந்ததும், ஓட்டி முடியுங்கள். அல்லது அந்தக் கரையை அடியோடு விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள மேட்டுச் சாலையில் திரும்புங்கள். மேலிருந்து பார்க்கும் காட்சியும் அப்போது தானாகவே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் செயற்கைக்கோள் படத்தில் ஓட்டிப் பாருங்கள். சாலையின் நிறம் திடீரென மாறினால் தார் முடிந்து மண் தொடங்கலாம். தெருமட்டப் படங்கள் இருந்தால் அவை எடுக்கப்பட்ட ஆண்டைப் பாருங்கள். பயணத் தடங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடம் எந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் அதிகம் போகிறார்கள் என்று காட்டும். ஆனால் அது கூட்டத்தை மட்டுமே சொல்லும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது. மலைச் சைக்கிளில் போனவர்களின் தடமும் அதில் கலந்திருக்கும்.

இறக்கங்களைத் தனியாகக் குறியுங்கள். மர நிழல் விழும் சரிவில் ஈரமும் பாசியும் காயாமல் கிடக்கும். திருப்பங்களில் வாகனச் சக்கரங்கள் சிதறிய சல்லி இருக்கும், அறுவடைக் காலத்தில் டிராக்டர் உதிர்த்த சேறு இருக்கும். வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். அதனால் வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ரயில் தண்டவாளம் குறுக்கே வந்தால் அதைச் செங்குத்தாகக் கடந்து போங்கள்.

படி 7: நேரமும் தண்ணீரும்

சாதாரண ஓட்டத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணியோடு 1 மணி, மொத்தம் 4 மணி. நின்று பார்க்கவும் சாப்பிடவும் கால்பங்கு சேர்த்தால் 5 மணி. ஆழமான பள்ளத்தாக்கில் சூரியன் அறிவிக்கப்பட்ட நேரத்துக்கு வெகுமுன்பே மேட்டுக்குப் பின்னால் போய்விடும். அந்தி நேரத்திலிருந்து தாராளமாக ஒரு மணி கழித்துத் திட்டமிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி., வெயிலில் இன்னும் அதிகம். முதல் மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசி எடுக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். குடிநீர் கிடைக்கும் இடங்களைப் பாலப் பட்டியலிலேயே குறித்துவிட்டால் ஒரே தாள் போதும்.

படி 8: வண்டியும் பையும்

கிராமச் சாலைக்கு 28 முதல் 32 மி.மீ. டயர் நிம்மதி தரும். சல்லிப் பகுதி இருந்தால் அதற்கும் அகலமாகப் போடுங்கள், வண்டியின் சட்டம் இடம் கொடுத்தால். இரண்டு ட்யூப், டயர் நெம்பி, பம்ப், பஞ்சர் ஒட்டு, மடக்குக் கருவி, செயின் இணைப்பு, விளக்குகள். இவற்றோடு ஒரு மெல்லிய காற்றுத் தடுப்பு மேலாடையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 100 மீட்டர் உயரத்துக்கு 0.65 டிகிரி குளிர் கூடும். வியர்வையோடு மேட்டில் நின்றுவிட்டு இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

பள்ளத்தாக்கில் கைபேசிச் சமிக்ஞை அடிக்கடி விட்டுப்போகும். பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வரைபடச் செயலிகள் திறக்கும் பாதைக் கோப்பு) இறக்கி, வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமியுங்கள். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஜிபிஎஸ் புள்ளி சில சமயம் எதிர்க்கரைக்கே தாவும். அப்போது நம்ப வேண்டியது உங்கள் தாளை: எந்தக் கிலோமீட்டரில் எந்தப் பாலம், எந்தப் பக்கம் திருப்பம். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

முந்தின மாலை

வானிலையைப் பார்க்கும்போது தொடங்கும் இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆற்றின் மேற்பகுதியில் கடந்த இரண்டு நாளில் மழை பெய்ததா என்று பாருங்கள். ஆற்று நீர்மட்டத்தை வெளியிடும் அரசுத் தளம் இருந்தால் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். சாலைப்பணி அறிவிப்பு, படகு நேரம், பாலம் மூடல், எல்லாவற்றையும் அன்று மாலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில் முதல் 5 கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். முதல் பாலத்துக்கு வந்ததும் நடுவில் நின்று, தூணில் தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறது, பழைய வெள்ளத்தின் கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தூணில் ஈரம் தண்ணீருக்கு மேலேயும் படிந்திருந்தால் மட்டம் அண்மையில் இறங்கியிருக்கிறது. கரையோரப் புல் நுனி மட்டும் தெரிய மூழ்கியிருந்தால் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம், அன்று தரைப்பாலம் உள்ள வளையத்தை விட்டுவிடுங்கள். பார்த்ததைத் தாளின் ஓரத்தில் நேரத்தோடு எழுதிக்கொண்டு, மேல்கரைச் சாலையில் திரும்புங்கள்.